ஒளி குறையும் இடம்

அந்த ஆய்வுக்குக் குரல் கொடுக்க அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அவள் குரலில் விசேஷமாக ஒன்றுமில்லை என்பதுதான்.

மூளைப் படக் கூடத்தில் அவளைப் படக்காரி என்று கூப்பிடுவார்கள். ஸ்கேன் எந்திரம் வாரிக்கொண்டு வரும் எண்களைப் படமாக மாற்றி, மூளையின் எந்த மூலையில் ஒளி கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை அவளுடையது. ஸ்கேனுக்குப் படுக்க வருகிறவர்கள் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுவார்கள். அவளிடம் ஏறி வருவது அவர்கள் தலைக்குள் இருப்பது மட்டும். இத்தனை வருட வேலையில் ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது கூடத்தின் தலைவியான டாக்டரம்மா வைத்திருந்த விதி. படம் யாருடையது, எந்த நாளுடையது என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும் என்பார் அவர்.

அந்த வருடம் டாக்டரம்மா துணையை இழந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். வலியையும் துக்கத்தையும் ஆற்றுவதற்கு மூளையே சில ரசாயனங்களைச் சுரக்கிறது. அவை வந்து உட்காரும் இருக்கைகள் நரம்பு செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். கதிர் வீசும் அணுவை ஒட்டிய ஒரு மருந்தைத் துளியளவு ஊசியில் ஏற்றினால், அது காலியாக இருக்கும் இருக்கைகளைத் தேடிப்போய் உட்கார்ந்து மினுங்கும். அந்த மினுக்கத்தைத்தான் எந்திரம் படம் பிடிக்கிறது. மூளை தன் சொந்த ரசாயனத்தைச் சுரந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்ட கூடத்தில் விருந்தாளிக்கு நாற்காலி கிடைக்காததுபோல, ஏற்றிய மருந்துக்கு இடம் கிடைக்காது. அங்கே ஒளி குறையும். ஆகவே இந்தப் படங்களில் மங்கலுக்குத்தான் மரியாதை. எங்கே மங்கியிருக்கிறதோ அங்கே யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆய்வுக்கு வருகிறவர் இரண்டு முறை படுக்க வேண்டும். ஒரு முறை, இறந்துபோன கணவரோ மனைவியோ போனில் விட்டுப்போன குரல் பதிவுகளைக் காதில் கேட்பார். மற்றொரு முறை, சம்பந்தமே இல்லாத ஒருவரின் குரல். எது முதலில் வரும் என்பது அவருக்கும் தெரியாது, படம் அளக்கிறவளுக்கும் தெரியாது. அந்தச் சம்பந்தமில்லாத குரலுக்குத்தான் ஆள் தேடினார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் பேசினால் சிரிப்பதுபோல இருந்தது. கீழ்த்தள நர்ஸ் பேசினால் திட்டுவதுபோல இருந்தது.

நர்ஸே சொன்னாள்: “நம்ம படக்காரியைப் படிக்கச் சொல்லுங்க டாக்டர். அவ பேசுறது ஃபிரிட்ஜ் ஓடுற மாதிரி. பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போய்ப் படித்தாள். தண்ணீர் வடிகட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்ற ஒரு குறிப்பு. உணர்ச்சி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார். அன்றைக்கே, கையோடு கையாக, கூடத்தின் தொலைபேசிக்கும் அவளையே பேசவைத்தார்கள். “நீங்கள் அழைத்த நேரத்தில் அலுவலகம் மூடியிருக்கிறது. தயவுசெய்து உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். அதோடு அவள் அதை மறந்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஜோடிப் படங்கள் வந்தன. இரண்டும் ஒரே ஆளின் மூளை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, இது தலாமஸ், இது அமிக்டலா என்று வரம்பு கட்டிக் கழித்துப் பார்த்தவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒன்றில் வழக்கமான மினுக்கம். மற்றதில், விளக்கை யாரோ ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே நடந்து போனதுபோல உள்மூளை முழுக்க மங்கியிருந்தது. அத்தனை மங்கலை அவள் யாரிடமும் பார்த்ததில்லை.

தலை அசைவின் வரைகோட்டையும் அவள் எடுத்துப் பார்த்தாள். ஸ்கேனில் படுப்பவரின் முகத்தில், சூட்டில் இளக்கி அவர் முகத்துக்கே வார்த்த வலை முகமூடி ஒன்றைப் பூட்டுவார்கள், தலை அசையாது. இந்த ஆள் அந்தப் பூட்டையும் மீறி எழப் பார்த்திருக்கிறார். கோடு ஒரே ஒரு இடத்தில் ஈட்டிபோல எழும்பி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அசைவே இல்லை. தூங்குகிறவர்களின் தலைகூடக் கொஞ்சம் ஆடும். இது அதைவிட அமைதியாக, ஒரு சத்தத்தையும் தவறவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டவரின் தலைபோல இருந்தது. எத்தனை ஆசையாக வாழ்ந்திருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து, எந்த நாளில் எந்தக் குரல் என்ற ரகசிய வரிசையைத் திறந்து பார்த்தார். மங்கலான படம், சம்பந்தமில்லாத குரலைக் கேட்ட நாளுடையது. மனைவியின் குரலைக் கேட்ட நாளில் ஒரு மாற்றமும் இல்லை.

பதிவுகள் மாறிப்போயிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா நினைத்தார். நர்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் போட்டது போட்டபடிதான் இருக்கிறது, வேண்டுமானால் எந்திரத்தின் நினைவில் பாருங்கள் என்று நின்றாள். பார்த்தார்கள். எதுவும் மாறவில்லை.

படக்காரி தன் அறைக்குப் போய் அசைவுக் கோட்டையும் தன்னுடைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். “வடிகட்டியின் மூடியை மெதுவாகத் திருகவும்.” அந்த ‘மெதுவாக’ முடியும் இடத்தில் அந்த ஆள் எழப் பார்த்திருந்தார். அவள் மறுபடி ஓடவிட்டாள். அவளுடைய குரல்தான். மறுபடி ஓடவிட்டபோது அது தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சற்றே சந்தேகமாக இருந்தது.

டாக்டரம்மா அந்த மனிதரை வரவழைத்துப் பேசினார். பேசியதை மாலையில் மாடிக்கு வந்து அவளிடம் சொன்னார். அவளுக்கும் தெரிந்தால் நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் அவர். மனைவி நுரையீரல் நோயில் போய் வருடம் ஒன்றாகிறது. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டதாம். முகமூடி வார்க்கும்போது, லிஃப்ட் குழிக்குள் படுத்துப் படுத்துப் பழகிய உடம்பு இது, மேலேயிருந்து யாரும் பட்டனை அழுத்தாமல் இருந்தால் போதும் என்று நர்ஸிடம் வேடிக்கை பேசினாராம். மனைவியின் குரலைக் கேட்டபோது என்ன தோன்றியது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அதைத்தான் தினமும் காலையில் போனில் போட்டுக் கேட்கிறேனே, அவள் திட்டுவாள், நான் பதில் சொல்வேன், பழகிப்போய்விட்டது என்றார். பிறகு அவரே கேட்டார், மற்ற நாள் பேசியது யார் என்று.

அவருக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். படிவங்களில் எங்கும் அவர் அவளைச் சொல்லவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். குரலைப் பிடித்துவைக்கும் போன் எல்லாம் வீடுகளுக்கு வராத காலம். அதன்பின் கணவனும் மனைவியும் அவளைப் பற்றிப் பேசவே இல்லை. பேச வேண்டாம் என்று பேசி முடிவெடுக்கவில்லை, அப்படியே ஆகிப்போய்விட்டது என்றாராம்.

“முகம் இருக்கு டாக்டர், போட்டோ இருக்கு. குரல் மட்டும் எங்கயும் இல்ல. எனக்குள்ளயே தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கல. அன்னைக்கு நீங்களே கொண்டுவந்து காதுல வெச்சீங்க.”

லிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மகள் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாளாம். “மெதுவாப்பா.” அப்பாவுக்கு எப்போதும் அவசரம்.

குரல் யாருடையது என்பதைச் சொல்ல விதி இடம் தராது என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். பேசியது ஓர் ஊழியர், உங்கள் மகளுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மட்டும் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டாராம்.

“குரல் நிஜமாவே ஒத்துப்போகுதுன்னு நினைக்காதே,” என்றார் டாக்டரம்மா. “அத்தனை வருஷத்துல ஞாபகம் தேய்ஞ்சு போயிருக்கும். தேய்ஞ்ச பூட்டு எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும்.”

அது ஆறுதலுக்குச் சொன்னது. ஆனால் படத்தில் இருந்த மங்கல் தேய்ந்த எதையும்போல இல்லை. அன்று விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, அறையில் தன்னைத் தவிர இன்னொருத்தியையும் விட்டுவிட்டுப் போவதுபோல அவளுக்கு இருந்தது.

வீட்டில் அவள் கணவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் நுணுக்கமாகப் பார்ப்பார், கால் வைக்கும் இடத்தைத் தவிர. ஸ்டூல் ஆடியது. அவள் “மெதுவா” என்றாள். சொன்னவுடனே அது தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததுபோலக் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசல் காலியாக இருந்தது.

கணவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அந்த ‘ஒன்றுமில்லை’யும் யாரோ சொன்னதுபோல இருந்தது.

அதிலிருந்து அவள் பேச்சைக் குறைத்தாள். கடையில் ரொட்டி கேட்கும்போது கையைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்குத் தலையசைத்தாள். கணவர் முதலில் தொண்டை வலி என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பிறகு, வீட்டில் ஊமைப்படம் ஓடுகிறது, டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கிண்டல் செய்தார். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டார். அவளால் அவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. வாயைத் திறந்தால், பத்தொன்பது வயதைத் தாண்டாத ஒருத்தி அதைத் தனக்குக் கிடைத்த வாசலென்று நினைத்து வந்து நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வது? படம் அளக்கிறவள் அவள். பேய், பிசாசு என்றால் சிரிக்கிறவள். அவளுக்கே அது கேவலமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

கூடத்தில் காலையில் முதலில் வருவது நர்ஸ். தொலைபேசியில் சேர்ந்திருக்கும் செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். கொஞ்ச நாளாக ஒரு வேலையத்தவன் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறான் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழிப்பதைப் படக்காரி படியேறும்போது கேட்டாள். ஏறியவள் இறங்கி வந்தாள். தானே கேட்டு அழித்துவிடுவதாகச் சொல்லி நாற்காலியை வாங்கிக்கொண்டாள்.

செய்திகளில் பேச்சு இல்லை. மூச்சு இருந்தது. ஒன்றில் நாற்காலியைப் பக்கத்தில் இழுக்கும் சத்தம். ஒன்றில் எங்கோ குழாய் சொட்டியது. பெரும்பாலானவற்றில், வைப்பதற்கு முன்னால், கதை கேட்கிறவர்கள் கொட்டுவதுபோல ஒரு சின்ன “ம்.” யாரென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை; ஒவ்வொரு முறையும் அந்த லிஃப்ட் மெக்கானிக், ‘அலுவலகம் மூடியிருக்கிறது’ என்று அவள் சொல்வதை முழுக்கக் கேட்டிருக்கிறார். கேட்டு, ‘ம்’ என்று ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸுக்கு முன்னால் வர ஆரம்பித்தாள். காலியான வரவேற்பறையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்பாள். கேட்காமல் அழித்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் வருவாள். விடுமுறை முடிந்து வந்த ஒரு காலையில் அவர் முதல்முறையாகப் பேசியிருந்தார். நிதானமான குரல். கொஞ்சம் வெட்கம் கலந்திருந்தது.

“மூடியிருக்குன்னு தெரியும்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

அவள் அழிப்பதற்காகப் போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்; டாக்டரம்மா வந்ததும் அவர் அறைக்குப் போனாள். அந்தப் பதிவை உடனே மாற்றுங்கள், வேறு யாரையாவது பேசவையுங்கள் என்று கேட்டாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவை மாற்றிவிடலாம் என்றார். ஆனால் அதற்கு முன்னால் அவரை இன்னொரு முறை படுக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இறந்தவரின் குரலே இல்லாமல், அதன் சாயல் மட்டுமே மூளையை இப்படித் திறக்கிறது என்றால், இதைப் பார்த்தவர்கள் யாருமே இல்லை.

டாக்டரம்மா கெட்டவர் அல்ல. தன் கேள்வியின் மேல் ஆசை வைத்தவர். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் முறையாக வாங்கினார். லிஃப்ட்காரரிடம் கேட்டபோது அவர் முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் சரியென்று சொல்லிவிட்டார்.

ஒலிப்பதிவு அறையில் இந்த முறை புதிய வாசகங்கள் வைத்திருந்தார்கள். வீட்டுப் பேச்சு. சாப்பிட்டாயா, சட்டை மாற்றிக்கொள், குடை எடுத்துக்கொள். கடைசியில், “மெதுவாப்பா.”

அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கையசைத்தார். அவள் வாயைத் திறந்தாள். சொல் தொண்டைவரை வந்து நின்றது. தான் சொல்லாவிட்டாலும் அது தானாக வெளியே வந்துவிடும் என்று ஒரு கணம் நிச்சயமாகத் தோன்றியது. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

“என்னால முடியாது டாக்டர். அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா. அவ இடத்துல போய் நான் உட்கார்ந்துக்கிட்டு எப்படி அவரை அப்பான்னு கூப்பிடறது?”

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. பழைய பதிவே போதும், தண்ணீர் வடிகட்டியே ஓடட்டும் என்று முடித்துக்கொண்டார்.

ஸ்கேன் நாளில் அவளால் தன் அறையில் உட்கார முடியவில்லை. அடித்தளத்தில் ரசாயனக்காரர் மருந்தைச் செய்துகொண்டிருந்தார். அது செய்யச் செய்யவே செத்துக்கொண்டிருக்கும் மருந்து. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் பலம் பாதியாகும். தயாரானதும் ஈயப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடி வருவார். அதற்குள் ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பதால் லிஃப்ட்காரரை முன்பே வரவழைத்துக் காத்திருப்பு அறையில் உட்காரவைத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் படியிறங்கினாள். அவருக்கு நல்லது செய்யப் போவதாகத்தான் நினைத்தாள். குரலுக்குப் பின்னால் ஒரு சாதாரண ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தால் அவர் தெளிந்துவிடுவார், வெறும் பதிவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அதில் பாதி தன் சொந்தப் பயம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அறையில் அவர் மட்டும் இருந்தார். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் கையை ஊசிக்காக ஏற்கெனவே மடித்து விட்டிருந்தார். கட்டைவிரல் நகம் ஒன்று பழைய அடியில் கறுத்திருந்தது. தலையைக் குனிந்து தரை ஓடுகளின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“வணக்கங்க. நான் மேல் மாடியில வேலை செய்யறேன்.”

அவர் தலை நிமிர்வதற்கு முன் ஒரு கணம் இருந்தது. அவருடைய தோள், கழுத்து, மடித்த கை எல்லாம் ஒன்றாக இளகின. எத்தனையோ காலமாக ஒரு சுமையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டது என்று கையைத் தளர்த்துவதுபோல. அந்த நிலையில்தான் அவர் நிமிர்ந்தார். கண்கள் அவள் முகத்துக்கு வந்தன. நெற்றியில் தேடின, மூக்கில் தேடின, வாயில் வந்து நின்றன. கூட்டத்தில் ஆளைத் தேடுகிறவரின் கண்கள். பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டன.

“நீங்கதானா?”

“நான்தாங்க.”

“வேற யாரும் இல்லையா?”

இல்லை என்றாள். வடிகட்டியைப் பற்றிப் படித்தது, போனில் பேசியது எல்லாம் தான்தான் என்றாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எதையாவது பேசச் சொன்னார். அவள் தனக்குத் தோன்றியதைப் பேசினாள். தன் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பதை, வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதை, ரயில் போனால் பாத்திரங்கள் அதிர்வதை. இத்தனை நாள் சேர்த்துவைத்த பேச்சு போலும், நிற்காமல் வந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார், தூரத்தில் கேட்பதைப் பிடிக்கப் பார்ப்பதுபோல.

கண்ணைத் திறந்தார்.

“போயிட்டா,” என்றார். “கண்ணை மூடினாலும் உங்க முகம்தாம்மா வருது.”

மன்னித்துக்கொள்ளும்படி சொன்னாள். இத்தனை நேரம் பேசிய அதே குரலில்தான் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் குரல் உங்களுடையது, அதை யாரோ வந்து தன்னுடையதென்றால் எப்படி என்றார் அவர். அவளைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார். நடைவழியில் ரசாயனக்காரரின் ஓட்டம் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து, உள்ளே படக்காரியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். லிஃப்ட்காரர் எழுந்தார். மருந்து வீணாகிவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டு, வேலைக்குக் கூப்பிட்டவுடன் கிளம்புகிறவரைப்போல நடந்து போனார்.

டாக்டரம்மா அவளிடம் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நீ செய்தது ஆய்வுக்கும் நல்லதில்லை, அந்த மனுஷனுக்கும் நல்லதில்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் படங்களை அளக்க வேண்டியது அவள்தான். விதிப்படி வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம். டாக்டரம்மா கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

திரையில் மூளை வந்தது. தலை அசைவுக் கோடு மேசைமேல் வைத்த நூல்போல நேராக இருந்தது. ‘மெதுவாக’ என்ற இடத்தில் ஒன்றுமில்லை. உள்மூளை முழுக்க, ஒவ்வொரு மூலையும், கல்யாண வீட்டு விளக்குபோலப் பளபளவென்று மின்னியது. ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. அவள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். குறைத்தும் அது மின்னிக்கொண்டிருந்தது. அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய படங்களை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் ரசாயனக்காரர் பேசத் தொடங்கினார். காலைகளில் பேச்சில்லாத செய்திகள் வரவில்லை. அவள் சில நாள் முன்னதாக வந்து பார்த்தாள். வேலையத்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்றாள் நர்ஸ்.

வீட்டில் அவள் பழையபடி பேச ஆரம்பித்தாள். கணவருக்கு நிம்மதி. ஆனால் குரல் முழுக்கத் திரும்பிவந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. முன்பு அதில் ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று பயந்தாள். இப்போது அங்கே யாரும் இல்லை என்பது தெரிந்தது; அந்த இல்லாமை பயத்தைவிடக் கனமாக இருந்தது. ஒரு பெண் தன் அப்பாவிடம் திரும்பிப் போக எங்கோ ஒரு சந்து கிடைத்திருந்தது. தான் போய் அதில் முகத்தை நீட்டி அடைத்துவிட்டோம் என்று நினைப்பாள். கணவரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடம், மழை விட்ட ஒரு மத்தியானம், அவள் பஸ்ஸில் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தாள். ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. கணவர் போனில் கூப்பிட்டு, மாடியில் காயப்போட்ட துணி நனைந்துவிட்டதா என்று கேட்டார். நனையாமல் என்ன செய்யும், நீங்கள் கடையிலிருந்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் எடுத்திருக்கலாம் என்று அவள் சொன்னாள்.

முன் இருக்கையில் இருந்தவரின் முதுகு நிமிர்ந்தது.

அவள் அப்போதுதான் கவனித்தாள். முழுக்கைச் சட்டை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அவள் பேச்சு தடுக்கியது. அவர் திரும்பப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் திரும்பவில்லை. நிமிர்ந்த முதுகு மெல்லத் தளர்ந்து இருக்கையில் சாய்ந்தது. தலை சற்றே அவள் பக்கம் சரிந்து, காது மட்டும் பின்னால் வந்ததுபோல நின்றது.

ஒரு வருடத்தில் அவள் முகம் அவருக்குள் மங்கியிருக்க வேண்டும். திரும்பினால் அது மறுபடி வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கணவர் சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. செத்த போனில் தொடர்ந்து பேசினாள். துணியை மறுபடி அலசத்தான் வேண்டும் என்றாள். செருப்பு வார் அறுந்ததைச் சொன்னாள், தைக்கக் கொடுத்தவன் நாளை நாளை என்று இழுப்பதைச் சொன்னாள். இன்றைக்கு அடுப்பு மூட்டவே சோம்பலாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டாள். அவர் ஜன்னல் ஆவியைத் துடைக்காமல் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் ஒருவர் இந்த அம்மா என்ன இப்படிப் பேசுகிறாள் என்று பார்த்தார். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

பாலம் தாண்டியதும் அவர் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வாசல் பக்கமே வைத்துக்கொண்டு, நனைந்த படியில் நிதானமாகக் காலை வைத்து இறங்கினார். பஸ் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து மழைத்தண்ணீர் தேங்கிய தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடந்தாள்.